ஃபோர்ட் கேனிங் சுவரில் நம்மவர் யாருமில்லை. பிறகு எதற்குப் போக வேண்டும்?

3 ஜனவரி, பிடோக் வாசகர் கேட்டது:

ஊரிலிருந்து வந்திருக்கும் மச்சானுக்குச் சிங்கப்பூரின் பழைய வரலாற்றைக் காட்ட வேண்டுமாம். ஃபோர்ட் கேனிங் மலையில் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போ என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் நடந்திருக்கிறேன். ஒரு புல்வெளி, செங்கல் சுவர்கள், சுவர் முழுக்க வெள்ளைக்காரர் பெயர்கள். நம்மவர் பெயர் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதில் தேக்காவில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடலாம் என்கிறேன். மறுப்பவர் உண்டா?

4 ஜனவரி

உண்டு. பிரியாணியை மறுக்கவில்லை, மற்றதை மறுக்கிறேன்.

சுவர் முழுக்க வெள்ளைக்காரர் என்பது சரியில்லை. அங்கே அடக்கமானவர்கள் சுமார் 600 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் சீனக் கிறிஸ்தவர்கள். நடந்துபோகிற வேகத்தில் ஆங்கிலம் மட்டும் கண்ணில் பட்டிருக்கும். நின்று பார்த்தால் சீன எழுத்து வெட்டிய கற்களும் தெரியும். 1820களின் தொடக்கத்திலிருந்து 1865 வரை அந்தச் சரிவில் புதைத்தார்கள். அதன்பின் புக்கித் தீமா சாலைப் பக்கம் புதிய கல்லறைத் தோட்டம் திறந்தார்கள். ஆக, ஊர் உருவான முதல் நாற்பது ஆண்டுகளில் இங்கே செத்தவர்களில் ஒரு பகுதியினர் அந்தச் சுவர்களில் இருக்கிறார்கள்.

தமிழ் எழுத்து வெட்டிய கல் என் கண்ணிலும் பட்டதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் ஐயா. அன்றைய தமிழர்களில் பெரும்பாலோர் இந்துக்களும் முஸ்லிம்களும். ஒருவரை எரித்தார்கள், இன்னொருவருக்கு மையவாடி இருந்தது. மாரியம்மன் கோவிலில் சீனப் பெயரைத் தேடிவிட்டு, இல்லை என்று கோபித்துக்கொள்வதைப்போல இருக்கிறது உங்கள் வாதம்.

4 ஜனவரி, நள்ளிரவுக்குச் சற்று முன்

ஒன்றை விட்டுவிட்டேன். புல்வெளியில் தூண்கள்மேல் குவிமாடம் வைத்த இரண்டு வெள்ளை மண்டபங்கள் நிற்கின்றனவே, அவை யாருடைய சமாதி என்று போனவர்கள் எல்லோரும் கேட்பார்கள். யாருடையதும் இல்லை. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி உட்காரக் கட்டியவை என்றுதான் கருதப்படுகிறது. ஐரிஷ் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் வடிவமைத்தவை என்பது பொதுவான கருத்து. இப்போது அங்கே திருமணப் படம் எடுக்கும் ஜோடிகள் ஒதுங்குகிறார்கள்.

5 ஜனவரி

ஜூரோங் தம்பி எழுதியிருக்கிறார், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார் என்று. இல்லை தம்பி. 1826இல் லண்டனுக்கு அருகே இறந்தார், ஹெண்டனில் அடக்கம். ஆனால் அந்த எண்ணம் அவருக்கு இருந்தது உண்மை. 1823இல் அந்த மலையுச்சியில் வீடு கட்டிக்கொண்டு இருந்தபோது, கிழக்கிலேயே சாக நேர்ந்தால் மலாய் அரசர்களின் சாம்பலோடு தன் எலும்பும் கலக்கும் பெருமை கிடைக்கும் என்று கடிதத்தில் எழுதினார். சுமத்ராவின் பென்கூலனில் பிள்ளைகளை வரிசையாகப் பறிகொடுத்திருந்த மனிதர். அப்படிப்பட்டவருக்கு எங்கே புதைபடுவோம் என்ற நினைப்பு வராமலா இருக்கும்?

அவர் சொன்ன மலாய் அரசர்களின் இடமும் அதே மலையில்தான் இருக்கிறது. பழைய சிங்கப்பூரின் கடைசி அரசராகக் கருதப்படும் இஸ்கந்தர் ஷாவின் அடக்கத்தலம் என்று மக்கள் நம்பி வணங்கும் கிராமத். மரத்தூண்களும் கூரையுமாகச் சிறிய இடம். கல்லறைச் சுவரிலிருந்து நடக்கும் தூரம்தான். மச்சானை அங்கேயும் அழைத்துப் போங்கள்.

6 ஜனவரி

நேற்று முழுவதும் பிடோக் நண்பரின் கேள்வியையே சுற்றிக்கொண்டிருந்தேன். கோவில் உவமை சொல்லி அவரை மடக்கியாயிற்று, ஆனால் அதோடு முடிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சுவரில் எனக்குத் தெரிந்து நமக்கு மிக நெருக்கமான பெயர் கோல்மனுடையதுதான். அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

1833இல் அவர் பொதுப்பணிகளுக்கு மேற்பார்வையாளர் ஆனார். அவர்கீழ் வேலை செய்தவர்கள் யார்? இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து முதல் தொகுதி இங்கே வந்து இறங்கியது. மதராஸிலிருந்து கடத்தப்பட்ட 80 பேர். அடுத்த சில நாள்களில் வங்காளத்தார். நார்த் பிரிட்ஜ் சாலையும் சவுத் பிரிட்ஜ் சாலையும் 1830களில் கோல்மன் திட்டமிட்டு இவர்கள் வெட்டிப்போட்டவை. சதுப்பைத் தூர்த்தார்கள், கல் உடைத்தார்கள், காலில் விலங்கோடு.

சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோவிலுக்குப் போகாத தமிழர் இங்கே குறைவு. நாராயண பிள்ளை 1827இல் அங்கே கோவிலைத் தொடங்கிவிட்டார். சாலை பிறகு வந்தது. தீமிதிக்குக் கூட்டம் நகர்கிற அந்தச் சாலையை அளந்தவர் பெயர் சுவரில் இருக்கிறது. வெட்டியவர் பெயர் இல்லை.

நம்மவர் இல்லை என்ற குறை இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டே அங்கே போகலாம் என்கிறேன். குறை தீர்ந்த பிறகு போகிற இடமில்லை அது.

6 ஜனவரி, மாலை

தோ பாயோ நண்பர் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு, கைதிகள் எல்லோரும் தமிழர்கள் என்று எழுதிவிட்டார். அப்படியில்லை. வங்காளம், மதராஸ், பம்பாய் என மூன்று மாகாணங்களிலிருந்தும் வந்தார்கள், இலங்கையிலிருந்தும் வந்தார்கள். கொலைக் குற்றவாளியும் இருந்தான், கொள்ளைக்காரனும் இருந்தான். எல்லோரையும் தியாகிகளாக்கி மாலை போட வேண்டாம். 1873இல் மிச்சமிருந்தவர்களை அந்தமானுக்கு அனுப்பிவிட்டு இங்கே முடித்துக்கொண்டார்கள். விடுதலை பெற்றுப் பலர் இங்கேயே தங்கினார்கள், மாடு வளர்த்தார்கள், வண்டி ஓட்டினார்கள், குடும்பம் ஆனார்கள்.

அவர்கள் கைவேலையைப் பார்க்க வேண்டுமானால் மலையிலிருந்து இறங்கி செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு நடந்துவிடுங்கள். கோல்மன் கட்டிய முதல் தேவாலயம் இடி விழுந்து கெட்டு 1855இல் இடிக்கப்பட்டது. இப்போது நிற்பதை 1850களின் பிற்பகுதியில் தொடங்கிக் கைதிகள் கட்டினார்கள், 1862இல் அர்ச்சிப்பு நடந்தது. உள்சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் எல்லாம் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு, பூசிக் காய்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். மச்சான் காரைக்குடிக்காரராக இருந்தால் உடனே கையை வைத்துவிடுவார், தடுக்க வேண்டாம்.

8 ஜனவரி

ஈசூன் அக்கா கேட்டது: சின்னப் பிள்ளைகளைச் சமாதிக்கு அழைத்துப் போகலாமா, வந்து குளிக்க வேண்டுமா, வெள்ளிக்கிழமை போகலாமா?

அக்கா, அது இப்போது தேசியப் பூங்கா. அதே புல்லில் நாய் ஓடுகிறது, யோகா வகுப்பு நடக்கிறது. ஜனவரி வெயிலில் மலையேறினால் குளிக்காமல் இருக்கவும் முடியாது, எனவே தீட்டுக்கும் சேர்த்துக் குளித்துவிடலாம். எங்கள் வீட்டில் இந்த வழக்கம் கொஞ்சம் வேறு, நாங்கள் கத்தோலிக்கர்கள். நவம்பர் 2 வந்தால் பூவும் மெழுகுவத்தியுமாகக் குடும்பத்தோடு கல்லறைக்குப் போய் மத்தியானம்வரை அங்கேயே இருப்போம். பெண்கள், பிள்ளைகள், சோற்றுப் பொட்டலம் எல்லாம் உண்டு. எனக்குக் கல்லறை பயம் வராமல்போனது அதனால் இருக்கலாம்.

9 ஜனவரி

நேற்று அதை எழுதிய பிறகு ஒரு பழைய விஷயம் மேலெழுந்துவிட்டது. நீளமாகப் போகும், விருப்பமில்லாதவர்கள் தாண்டிவிடுங்கள்.

என் தாத்தா அடக்கமாகியிருந்தது பிடாடரியில். துறைமுகத்தில் வேலை பார்த்தவர், நாகப்பட்டினம் பக்கத்து ஆள். ஆங்கிலேயர் காலத்தில், 1908 வாக்கில் திறந்த கல்லறை நிலம் அது. கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து எல்லோருக்கும் பகுதிகள் இருந்தன. தாத்தாவின் கல்லில் தமிழ் இருந்தது. பெயர், சொந்த ஊர், ஜில்லா, பிறகு "இங்கே இளைப்பாறுகிறார்". கல்வெட்டியவருக்குத் தமிழ் தெரியாது போலிருக்கிறது, "ளை" கொஞ்சம் கோணலாக நின்றது. சிறுவயதில் ஒவ்வொரு நவம்பரிலும் அந்தக் கோணல் எழுத்தை விரலால் தடவுவேன்.

1972இல் அந்த இடத்தில் புதைப்பதை நிறுத்தினார்கள். 2001 முதல் 2006 வரை எல்லாவற்றையும் தோண்டி எடுத்தார்கள். கிறிஸ்தவர் பகுதியில் சுமார் 58,000, முஸ்லிம் பகுதியில் சுமார் 68,000 குழிகள். எங்களுக்கும் முறை வந்தது. விடியுமுன் வரச் சொன்னார்கள். மேலே துணி கட்டியிருந்தது. தோண்டியவர்கள் நிதானமான ஆள்கள், பேச்சே இல்லை. அப்பா கடைசிவரை பக்கத்தில் நின்றார். அத்தை செபமாலை உருட்டிக்கொண்டு தள்ளி நின்றார். நான் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றுவரை தோன்றவில்லை. கிடைத்தது கொஞ்சம்தான். அதை எரித்து, சாம்பலை அஸ்தி மாடத்தில் ஒரு சிறு அறைக்குள் வைத்தார்கள். அதன் மூடியில் பெயரும் தேதியும் ஆங்கிலத்தில். ஊர் பெயருக்கு இடமில்லை.

கல்? அப்பா அதைக் கேட்டார். எடுத்துப்போவதானால் எடுத்துப்போங்கள் என்றார்கள். வீவக, அதாவது அரசு அடுக்குமாடியின் நான்கறை வீட்டில் கல்லறைக் கல்லை எங்கே வைப்பது? அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "முடியாது." மின்தூக்கி எங்கள் மாடியில் நிற்காத காலம் வேறு. படம் எடுத்துக்கொண்டோம். கல் உடைந்து எங்கோ போயிருக்கும்.

இன்று அங்கே அடுக்குமாடி வீடுகளும் பூங்காவும் இருக்கின்றன, கீழே உட்லி எம்ஆர்டி. எனக்கு அதில் புகார் இல்லை. என் அண்ணன் மகனே அங்கே வீடு வாங்கியிருக்கிறான், தாத்தா பேரனின் மகனுக்கு இடம் ஒதுங்கிக்கொடுத்ததாக வைத்துக்கொள்கிறோம். பிடாடரியின் சில கற்களை மட்டும் நினைவுத் தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள், ஊருக்குத் தெரிந்த பெரியவர்களுடையவை. துறைமுகத் தொழிலாளியின் கல் அந்தப் பட்டியலில் வராது.

ஃபோர்ட் கேனிங் சுவரைப் பார்க்கும்போது எனக்குள் கொஞ்சம் பொறாமை வருகிறது என்றால் இதுதான் காரணம். அங்கேயும் எல்லாக் கற்களும் பிழைக்கவில்லை. சிதைந்தவற்றை அகற்றிவிட்டு, நன்றாக இருந்தவற்றைச் சுவரில் பதித்தார்கள். அப்படிப் பதித்த எந்தக் கல்லும் தன் குழிமேல் இல்லை. ஆனாலும் கல் இருக்கிறதே.

9 ஜனவரி, இரவு

ஜூரோங் தம்பிக்கு: இல்லை, இப்போது புதைத்தாலும் அதே கதைதான். 1998 நவம்பர் முதல் 15 ஆண்டு வரம்பு. அதன்பின் தோண்டி எடுப்பார்கள். எரிக்க மதம் இடம் தராதவர்களைச் சிறிய இடத்தில் மறுபடி அடக்கம் செய்வார்கள். புதைக்க இடம் தருவது சுவா சூ காங் மட்டுமே. நிலம் இல்லாத ஊரில் இதற்குமேல் வாதாட எனக்குத் தெம்பில்லை.

11 ஜனவரி

புல்வெளியில் இசை நிகழ்ச்சி நடத்துவதைப் பற்றி மூன்று பேர் கொதித்திருக்கிறீர்கள். நானும் முன்பு கொதித்தவன்தான். திறந்தவெளி பாலே, இசை விழா எல்லாம் அங்கே நடந்திருக்கிறது. பழைய கல்லறைத் தோட்டத்தின்மேல் பாய் விரித்து, பீர் குடித்து, கைதட்டுவதா என்று இருந்தது.

இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. பிடாடரியில் நவம்பர் 2 அன்று நாங்கள் செய்ததும் பாய் விரித்துச் சாப்பிட்டதுதானே. ஆள் வராத இடத்தை இந்த ஊரில் யாராவது எப்போதாவது வேறு எதற்காவது கேட்பார்கள். ஆள் வந்து உட்கார்கிற புல்வெளிக்கு ஆயுள் அதிகம். ஆனால் ஒலிபெருக்கியைச் சுவரில் சாய்த்து வைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

(பாலே பற்றித் தனி இழை தொடங்குங்கள். இங்கே வேண்டாம்.)

12 ஜனவரி

1915இல் சிங்கப்பூரில் நடந்த சிப்பாய்க் கலகத்தில் சுடப்பட்டவர்கள் தமிழர்கள் என்ற செய்தி மறுபடி உலவுகிறது. அந்த 5ஆம் காலாட்படை முழுக்க வட இந்திய முஸ்லிம் வீரர்கள், பெரும்பாலும் இன்றைய ஹரியானாப் பக்கத்தார். 47 பேரை அவுட்ரம் சிறைச் சுவர் அருகே, மக்கள் பார்க்கச் சுட்டார்கள். துயரம்தான். அதற்காக அதை நம் கணக்கில் எழுத வேண்டியதில்லை. இழைக்கும் சம்பந்தமில்லை.

15 ஜனவரி

பிடோக் நண்பர் மச்சானோடு போனார், நானும் சேர்ந்துகொண்டேன். பொங்கல் அன்றே போகலாமா என்று கேட்டவருக்கு அவர் மனைவி என்ன பதில் சொன்னார் என்பதை அவரே எழுதட்டும். நாங்கள் போனது இன்று காலை.

தோபி காட் பக்கமிருந்து ஏறினோம். அங்கே தரைக்கடியில் வட்டப் படிக்கட்டு ஒன்று இருக்கிறது, மேலே பார்த்தால் மரக்கிளை வட்டத்துக்குள் தெரியும். அதில் நின்று படம் எடுக்க நீண்ட வரிசை, வார நாளிலும். மச்சான் வரிசையில் நிற்க ஆசைப்பட்டார், இழுத்து வந்துவிட்டோம். கல்லறைச் சுவர்ப் பக்கம் நாங்கள், ஒரு தோட்டக்காரர், தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. அவ்வளவுதான். தோட்டக்காரர் புதுக்கோட்டைக்காரர் என்று தெரிந்ததும் மச்சான் அவரிடம் கால்மணி நேரம் பேசினார். நம்மவர் இல்லை என்று சொன்ன பிடோக் நண்பரின் முகத்தைப் பார்த்தேன், அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே நுழையும் கோத்திக் வாசல்கள் 1846ஐச் சேர்ந்தவை, கேப்டன் ஃபேபர் வடிவமைத்தவை. மவுண்ட் ஃபேபர் என்று ஊர் அழைப்பது அவர் பெயரைத்தான். கூர்நுனிகளும் சிலுவையுமாக, மலையின் பச்சைக்கு நடுவில் சற்றே நாடக மேடைபோல நிற்கின்றன. எனக்குப் பிடிக்காது, மச்சானுக்கு மிகவும் பிடித்தது.

அங்கே உள்ளதிலேயே பெரிய நினைவுச் சின்னம் ஒரு குழந்தைக்கு. ஜேம்ஸ் புரூக் நேப்பியர், ஆறு மாதம்கூட நிறையவில்லை, 1848இல் கடற்பயணத்தில் இறந்தான். தந்தை வில்லியம் நேப்பியர், சிங்கப்பூரின் முதல் வழக்கறிஞர்களில் ஒருவர், நேப்பியர் சாலை அவர் பெயர். தாய் மரியா. யார் இந்த மரியா? கோல்மனின் மனைவி. கோல்மன் 1842இல் ஐரோப்பாவில் திருமணம் செய்துகொண்டு, 1843 இறுதியில் மனைவியோடு திரும்பி வந்து, 1844 மார்ச்சில் காய்ச்சலில் இறந்தார். அதே ஆண்டிலேயே மரியா, கோல்மனின் நண்பரான நேப்பியரை மணந்தார். பிள்ளைக்குச் சரவாக் ராஜா ஜேம்ஸ் புரூக்கின் பெயர். முதல் கணவரும் இரண்டாம் கணவரின் பிள்ளையும் ஒரே தோட்டத்தில்.

மச்சான் இதைக் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்தில் அவ்வளவு சீக்கிரமா?" என்றார். ஐரோப்பியப் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊரில் துணையில்லாத இளம்பெண் எத்தனை நாள் தனியாக இருந்திருக்க முடியும் என்று நான் வாதாடினேன். பிடோக் நண்பர் மரியாவுக்கு எதிர்க்கட்சி. இறங்கும்வரை ஓயவில்லை.

கற்களை வாசிக்க வாசிக்க வயதுதான் கண்ணில் நிற்கிறது. கைக்குழந்தைகள், இருபதுகளில் இருந்த பெண்கள், கப்பலிலிருந்து இறக்கிய மாலுமிகள். அறுபதைத் தாண்டியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆட்சி செய்ய வந்தவர்களுக்கே இது என்றால், சதுப்பில் நின்று மண் சுமந்தவனின் வயது என்னவாக இருந்திருக்கும்? மச்சான்தான் இதைக் கேட்டார்.

16 ஜனவரி

கற்களை வாசிப்பது பற்றிக் கேட்ட அக்காவுக்கு. உச்சி வெயிலில் போனால் ஒன்றும் தெரியாது. காலை எட்டு, எட்டரை வாக்கில் வெயில் சாய்வாக விழும்போது வெட்டெழுத்து நிழல் பிடித்து மேலே வரும். நிழலில் இருக்கிற கல்லுக்குக் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டிலிருந்து காட்டுங்கள், நேருக்கு நேர் காட்டினால் எழுத்து மறைந்துவிடும். சாக்பீஸ், மாவு, சவர நுரை எதையும் பூசாதீர்கள். நூற்றெழுபது ஆண்டுக் கல், தேய்த்தால் உதிரும். என் பாட்டி அம்மிக்குச் செய்ததைப்போல ஒருவர் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்று நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

கொசு மருந்து கட்டாயம். ஃபோர்ட் கேனிங் எம்ஆர்டியில் இறங்கினால் ஏற்றம் குறைவு.

19 ஜனவரி

நம்மவர் பெயர் வெட்டிய இடம் சிங்கப்பூரில் எங்கே இருக்கிறது என்று பிடோக் நண்பர் இப்போது கேட்கிறார். கேள்வியே மாறிவிட்டது, நல்லது.

கிராஞ்சி போர்க் கல்லறைக்குப் போங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் சமாதிகள் 4,400க்குமேல். மேட்டின் உச்சியில் விமானச் சிறகுபோன்ற கூரையுடைய நினைவுமண்டபம், 1957இல் திறந்தது. உடல் கிடைக்காத 24,000க்கும் அதிகமானோரின் பெயர்கள் அதன் தூண்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. இந்திய ராணுவத்தினரும் அதில் படைப்பிரிவு வாரியாக இருக்கிறார்கள். பெரும்பாலோர் பார்க்காமல் திரும்புவது அந்த மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் தகன நினைவுச் சின்னம். மத வழக்கப்படி எரிக்கப்பட்ட ஏறக்குறைய 800 பேரின் பெயர்கள் அங்கே உண்டு, அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிரிக்கப்படாத இந்தியாவின் படையினர். எரித்தால் கல் கிடையாது என்று 4ஆம் தேதி நான் பேசிய கணக்கு அங்கே செல்லாது. எரித்தவர்களுக்கும் கல் வைக்க முடியும். பட்டாளத்தில் செத்திருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்துப் பட்டாளத்தையும் சொல்ல வேண்டும். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த மலாயாத் தமிழர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அதன் மாண்ட வீரர்களுக்காகச் சுபாஷ் சந்திர போஸ் 1945 ஜூலையில் எஸ்பிளனேடில் அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் முதல் வேலையாக அந்தத் தூணை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கோல்மன் கல்லுக்கு ஏறக்குறைய 180 வயது, இதற்குச் சில வாரம். அந்த இடத்தில் ஒரு குறியீட்டுக் கல் வர 1995 ஆயிற்று. சாப்பிடப் போகும் வழியில் அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள், எல்லோரும் தாண்டிப்போகிறோம்.

20 ஜனவரி

புக்கிட் பிரவுன் பற்றி ஒரு வரி, ஏனென்றால் யாரும் சொல்லவில்லை. 1922இல் திறந்த சீனக் கல்லறை மலை. அங்கே சில பணக்காரச் சமாதிகளுக்கு இருபுறமும் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர் சிலைகள் நிற்கின்றன. உயிரோடிருந்தபோது வீட்டுக்கும் வங்கிக்கும் காவல் நின்றவர்களைச் செத்தபின்னும் விடவில்லை. இந்தியனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைத்தது, வேலைக்காரனாக. சிரிக்கலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன்.

23 ஜனவரி

தோ பாயோ நண்பர் தேசியக் கலைக்கூடத்துக்குப் போய்ப் புலிப்படத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பார்க்காதவர்களுக்கு: 1835இல் கோல்மன் காட்டில் சாலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது புலி பாய்ந்து அளவைக் கருவியைத் தள்ளிவிட்டது. லாய்ட்டமன் என்ற ஜெர்மானியர் 1865 வாக்கில் அதை அச்சுப்படமாக்கினார். நடுவில் புலி, கவிழும் முக்காலி, நாலா பக்கமும் சிதறும் கைதிகள்.

கீழே விழுந்து கிடப்பவன் நிச்சயம் தமிழன், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்கிறார் நண்பர். நிகழ்ந்து முப்பது ஆண்டு கழித்து ஜெர்மானியர் ஒருவர் வரைந்த முகத்தில் ஜாதகம் பார்க்க வேண்டாம். ஆனால் மதராஸ் கைதிகள் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கவே முடியாது என்றும் யாரும் சொல்ல முடியாது. வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆள்தான்.

24 ஜனவரி

கிராஞ்சிக்கு ஐந்தாறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஞாயிறு காலை எட்டரை, கிராஞ்சி எம்ஆர்டி வாசல். தொப்பி, தண்ணீர் கொண்டு வாருங்கள், மேட்டில் நிழல் குறைவு. பெயர் தேடுபவர்கள் குடும்பப் பெயரையும் ஊரையும் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி முன்பே காகிதத்தில் எழுதி வாருங்கள். பட்டியலில் ஒரே பெயரை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். மச்சான் ஊருக்குக் கிளம்பிவிட்டார், படம் அனுப்பச் சொல்லியிருக்கிறார். ஈசூன் அக்கா, எல்லோரிலும் உங்கள் வீடுதான் பக்கம், எனவே கடைசியாக வருவதும் நீங்களாகத்தான் இருக்கும். ஒன்பதுக்குமேல் காத்திருக்க மாட்டோம்.